சனிக்கிழமை மூணு மணி நேரம்: ஊழியம் செஞ்சு களைச்சுப் போனவங்களுக்கு

போன லெந்து நாள்ல (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) ஒரு வீட்டு ஜெபத்துல என்னை ஜெபிக்கச் சொன்னாங்க, கண்ணை மூடி "எங்கள் பரம பிதாவே"ன்னு ஆரம்பிச்சேன், அதுக்கப்புறம் ஒண்ணுமே வரல, வாய் பாட்டுக்கு "இந்த உணவை ஆசீர்வதியும்"னு சாப்பாட்டு ஜெபத்தைச் சொல்லி ஆமென் போட்டுட்டேன். முன்னால ஒரு தட்டு கூட கிடையாது. எல்லாரும் முந்தானையை வாயில வச்சுச் சிரிக்காங்க. ஒரு பெரியம்மா மட்டும் சிரிக்கல, வெளிய வந்து செருப்பு போடும்போது "ஏட்டி, நீ ஒழுங்கா தூங்கி எத்தனை நாளாச்சு?"ன்னு கேட்டாங்க. எனக்கு பதில் தெரியல.

நம்ம பாளையங்கோட்டை, நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கம் சபை வேலை செய்யுதவங்களுக்கு இது புதுசில்ல. பாடகர் குழு பிராக்டிஸ், பெண்கள் ஐக்கிய சங்கம், உபவாச ஜெபம், மாசத்துக்கு ஒரு முழு இரவு, பிரதிஷ்டைப் பண்டிகை வந்துட்டா அசனத்துக்கு, அதான் சபையார் எல்லாருக்கும் போடுற விருந்துக்கு, வெங்காயம் உரிக்கிறது வரைக்கும் நம்ம தலையில. நான் ஓய்வுநாள் பாடசாலை டீச்சர், அன்னைக்குத்தான் காலைல நாலரைக்கே எந்திரிக்கேன், பேர்ல மட்டும் ஓய்வு இருக்கு. அதனால முதல்ல ஒண்ணை ஒத்துக்கோங்க, சபையில வேலை இருக்கிறவங்களுக்கு ஞாயிறு ஓய்வு கிடையாது. வேற நேரம் பாக்கணும். நான் சனிக்கிழமை மத்தியானம் ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் எடுத்துக்கிட்டேன்.

ஆரம்பிக்க வேண்டியது ஜெபத்துல இல்ல, தூக்கத்துல. பைபிள்ல எலியா தீர்க்கதரிசி கதையைப் பாருங்க, 1 இராஜாக்கள் 19. மனுஷன் சூரைச்செடிக்கு கீழ உக்காந்து போதும் கர்த்தாவே, என்னை எடுத்துக்கோன்னு சொல்லிட்டு படுத்துட்டாரு. தூதன் வந்து பிரசங்கம் பண்ணல, உன் விசுவாசம் எங்கன்னு கேக்கல, தட்டி எழுப்பி சாப்பிடுன்னு சொன்னான். பாத்தா தலைமாட்டுல தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் இருக்கு. சாப்பிட்டுட்டு மறுபடி படுத்தாரு, மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. கர்த்தர் மெல்லிய சத்தத்துல பேசினது எல்லாம் நாப்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான். ரெண்டு தூக்கம் ரெண்டு சாப்பாடு முதல்ல, மத்தது அப்புறம், அதையே நீங்களும் செய்யுங்க. ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் படுத்துட்டு நாலு மணிக்கு அலாரம் வைக்காதீங்க. சனிக்கிழமை சமையலை இழுக்காதீங்க, தயிர் சாதமும் ஒரு துவையலும் போதும், வீட்டுல முணுமுணுப்பாங்க, ரெண்டு வாரத்துல பழகிரும்.

அடுத்தது தனிமை. இடம் முக்கியம். வீட்டுக்குள்ள இருந்தா குக்கர் கூப்பிடும். மொட்டை மாடி நல்லது, ஆனி ஆடியில குற்றாலத்துப் பக்கம் இருந்து அந்த ஈரக்காத்து வரும் பாத்தியளா, அதுக்கு ஈடு கிடையாது. இல்லன்னா வார நாள்ல காலியா கிடக்கிற கோயிலு. சாவி கோயிலைப் பாத்துக்கிற உபதேசியார்ட்ட இருக்கும், கேட்டா தருவாங்க. என்ன விசேஷம்னு கேப்பாங்க, சும்மான்னு சொல்லிருங்க. போனை வீட்டுலயே வச்சிருங்க, சைலண்ட்ல போட்டு பையில வச்சா அது தனிமை இல்ல. முதல் பத்து நிமிஷம் கேஸ் புக் பண்ணணும், கரண்ட் பில் கட்டணும்னு மண்டைக்குள்ள ஓடும். ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதி மடிச்சு வச்சிருங்க, நின்னுரும். அஞ்சு அதிகாரம் வாசிச்சு முடிக்கணும்னு உக்காராதீங்க, அதுவும் வேலைதான். நான் 131-ஆம் சங்கீதம் எடுப்பேன், மூணே வசனம், பால்மறந்த பிள்ளை தாய் மடியில கிடக்கிற மாதிரி. பைய ரெண்டு தடவை வாசிச்சுட்டு சும்மா இருப்பேன். லிஸ்ட் போட்டு கேக்கிறது எல்லாம் மறுநாள்.

கஷ்டமான பாகம், முடியாதுன்னு சொல்றது. ஐயரு, அதான் நம்ம சபை போதகர், கேட்டா எப்படி மறுக்கிறதுன்னு நினைப்போம். "ஐயா, இந்த மாசம் என்னால முடியாது, ஜூலையில செய்யுதேன்"னு ஒரே வாக்கியம், காரணம் அடுக்காதீங்க, அடுக்கினா ஒவ்வொண்ணுக்கும் அவங்க வழி சொல்லுவாங்க. மாற்கு முதல் அதிகாரத்துல இயேசு இருட்டோட எழுந்து தனியா போய் ஜெபிச்சதை எல்லாரும் சொல்லுவாங்க, அடுத்த வசனத்தை விட்டுருவாங்க. எல்லாரும் உம்மைத் தேடுறாங்கன்னு சீஷர்கள் வந்து நிக்காங்க, அவரு திரும்பிப் போகல, பக்கத்து ஊர்களுக்குப் போவோம்னு கிளம்பிட்டாரு.

இங்க ஒருத்தர் டோனாவூர்ல பிள்ளைங்களை எடுத்து வளத்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மாவை இழுப்பாங்க, 1895-ல இந்தியாவுக்கு வந்து 1951-ல சாகிற வரைக்கும் சொந்த ஊருக்கு லீவுல போகவே இல்லன்னு. உண்மைதான். ஆனா அதே அம்மாதான் 1917-ல மேற்கு மலையில காட்டுக்குள்ள இடம் வாங்கி, பிள்ளைங்களும் கூட வேலை செஞ்சவங்களும் வெயில் காலத்துல போய் இளைப்பாற வழி பண்ணினாங்க. இதைப் பிரசங்கத்துல நான் கேட்டதே இல்ல.

ஒண்ணு மட்டும் வேற மாதிரி. ரெண்டு மூணு வாரமா தூக்கமே வரல, காரணம் இல்லாம அழுகை வருது, எதுலயும் மனசு ஒட்டலன்னா சனிக்கிழமை மத்தியானம் பத்தாது, டாக்டரைப் பாருங்க. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில மனநல ஓ.பி. இருக்கு, போகத் தயக்கமா இருந்தா அரசாங்க மனநல உதவி எண் 14416-க்கு போன் பண்ணி தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. சுகருக்கு மாத்திரை போடும்போது விசுவாசம் குறைஞ்சிருச்சான்னு யாரும் கேக்கல, இதுக்கு மட்டும் ஏன் கேக்கணும்?

முதல் சனிக்கிழமை நான் மாடியில பாய் விரிச்சு பைபிளைத் திறந்தேன், கண்ணு முழிச்சா மணி அஞ்சேகால், பக்கம் பூரா காத்துல புரண்டு கிடக்கு. பெரியம்மாட்ட போய் சொன்னேன். "சரியாத்தான் செஞ்சிருக்கே"ன்னு கருப்பட்டி காப்பி போட எந்திரிச்சுட்டாங்க.