லிப் டெமில் சேரலாம், ஓட்டும் போடலாம். வேட்பாளர் படிவத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்

லண்டனில் கிங்ஸ்டன், சர்பிட்டன் பக்கம் வீடு பிடித்தவர்களுக்கு கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வரி) பில்லோடு போட்டி போட்டுக்கொண்டு வருவது லிபரல் டெமாக்ராட்ஸ், அதாவது லிப் டெம் கட்சியின் துண்டறிக்கை. கட்சித் தலைவர் எட் டேவியின் தொகுதியே அதுதான். 2015இல் 8 எம்.பி.க்களாகச் சுருங்கிய கட்சி, 2024இல் 72 இடம் பிடித்தது.

சேர்வதற்குக் குடியுரிமை வேண்டாம். வெப்சைட்டில் பெயரைக் கொடுத்து டைரக்ட் டெபிட் போட்டால் முடிந்தது. இங்கே வேறு கட்சியில் உறுப்பினராக இருக்கக் கூடாது. மிஸ்டு கால் கொடுத்தால் உறுப்பினர் என்ற கதை இல்லை, நிறுத்தும்வரை சந்தா போய்க்கொண்டே இருக்கும். ஆனால் தலைவரைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கும் ஒரு ஓட்டு உண்டு. ஊரில் வட்டச் செயலாளர் யார் என்பதையே போஸ்டர் பார்த்துத் தெரிந்துகொண்ட எனக்கு அது பெரிய விஷயமாகத்தான் பட்டது.

இந்திய, இலங்கை, மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட் என்றால் நாம் காமன்வெல்த் குடிமக்கள். செல்லுபடியாகும் விசா இருந்தால், ஸ்டூடண்ட் விசாவானாலும் சரி, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்துவிடுங்கள். பூத்தில் காட்ட அந்தப் பாஸ்போர்ட்டே போதும்.

கட்சி வேலை என்பது பெரும்பாலும் துண்டறிக்கை போடுவது. இந்த ஊர்த் தபால் துவாரத்தின் ஸ்பிரிங் விரலைக் கவ்வும், உள்ளே நாய் வேறு காத்திருக்கும். பழைய ஆட்கள் மரக்கரண்டியால் தாளைத் தள்ளுவார்கள். நீங்களும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி நண்பன் மாட்டிக்கொண்ட கதை. எந்தக் கட்சி என்பது வேண்டாம், எங்கும் நடக்கக்கூடியதுதான். கவுன்சில் தேர்தலில் ஜெயிக்க வாய்ப்பில்லாத வார்டிலும் ஆள் நிறுத்த வேண்டும் என்று, பேருக்கு நிற்பவரைத் தேடுவார்கள். பேப்பர் கேண்டிடேட் என்பார்கள். "பிரச்சாரமே வேண்டாம், பெயர் மட்டும் போதும்" என்று டீ கொடுத்துக் கேட்டார்கள். ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருந்த நண்பன், வந்த கொஞ்ச நாளில் இவ்வளவு மரியாதையா என்று பூரித்துப்போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

ஓட்டுப் போட விசா போதும், நிற்கப் போதாது. இங்கிலாந்தில் கவுன்சிலராக நிற்கும் காமன்வெல்த் குடிமகனுக்கு ஐ.எல்.ஆர். (காலக்கெடு இல்லாமல் தங்கும் அனுமதி) இருக்க வேண்டும், அல்லது விசாவே தேவைப்படாதவராக இருக்க வேண்டும். "எனக்குத் தகுதி இருக்கிறது" என்ற உறுதிமொழி அந்தப் படிவத்திலேயே இருக்கிறது. தேர்தல் அதிகாரி உங்கள் விசாவைப் பார்க்க மாட்டார், படிவத்தில் எழுதியதை அப்படியே ஏற்பார். ஊரில் வேட்புமனுப் பரிசீலனையில் தள்ளுபடி செய்துவிடுவார்களே என்று இங்கே நம்பி உட்காராதீர்கள். தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது குற்றம். பிறகு ஐ.எல்.ஆர். விண்ணப்பத்தில் அதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிவரும்.

நண்பனுக்கு இது தெரிந்தது ஆபீஸ் லஞ்சில், வேறொருவர் சொல்லி. பெயரை வாபஸ் வாங்க, தேர்தலுக்கு 19 வேலை நாள் முன்பு மாலை 4 மணிவரைதான் நேரம், அதற்கும் சாட்சிக் கையெழுத்து வேண்டும். லீவு போட்டு ஓடினான். மனசு கேட்காமல் சொலிசிட்டருக்கு வேறு காசு அழுதான். டீ கொடுத்தவர் "ஓ, சாரி" என்று சொன்னதோடு சரி. எனக்கு இன்னும் ஆறவில்லை.

உதவ ஆசையிருந்தால் முன்மொழிபவராகக் கையெழுத்துப் போடலாம். வேட்பாளருக்கு அந்த வார்டு வாக்காளர்கள் இரண்டு பேர் வேண்டும், அதற்கு ஐ.எல்.ஆர். தேவையில்லை. நண்பனுக்கு இப்போது ஐ.எல்.ஆர். வந்துவிட்டது. போன தேர்தலுக்கு மறுபடி கேட்டு வந்தார்கள். அவன் மனைவி வாசலிலேயே பதில் சொல்லி அனுப்பிவிட்டாள்.