பசு செத்த கன்று போட்டால் உடனே செய்ய வேண்டியவை

பசு செத்த கன்றைப் போட்டாலோ, ஆறேழு மாதத்திலேயே கருவை வீசிவிட்டாலோ, நம்ம பக்கத்தில் பலரும் செய்வது இதுதான்: கன்றையும் நஞ்சுக்கொடியையும் ஒரு சாக்கில் திணித்து, விடியும் முன்னே ரப்பர் தோட்டத்து ஓரத்திலோ சானலிலோ (வாய்க்காலிலோ) போட்டுவிட்டு, கண்ணு பட்டுவிட்டது என்று சொல்லி முடித்துவிடுவது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஏன் இப்படி ஆச்சு என்பதற்கான பதில் பெரும்பாலும் அந்தச் சாக்குக்குள்தான் இருக்கிறது; அடுத்த பசுவுக்குத் தொற்றப் போகிற நோயும் அதற்குள்ளேயே இருக்கலாம்.

காரணம் தெரியும் வரை தொற்றுநோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெறுங்கையால் எதையும் தொட வேண்டாம். கையுறை இல்லையா, பெரிய பிளாஸ்டிக் கவரை முழங்கை வரை இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் தொழுவத்துப் பக்கமே வரக் கூடாது. கன்று வீச்சு நோய், அதாவது புருசெல்லா, மனிதர்களுக்கும் வரும். விட்டுவிட்டு வாரக்கணக்கில் காய்ச்சல், ராத்திரி வியர்வை, மூட்டுவலி, முதுகுவலி, ஆண்களுக்கு விதை வீக்கம் என்று ஆளை உருக்கிவிடும். நாயைக் கட்டிப் போடுங்கள், கன்றைத் தார்ப்பாயால் மூடுங்கள், பசுவை மற்ற மாடுகளிடமிருந்து பிரித்துக் கட்டுங்கள். அப்புறம் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ போன் செய்யுங்கள்.

டாக்டர் வருவதற்குள் நீங்களே கொஞ்சம் பார்த்து வைக்கலாம். நிறைமாதக் கன்று, நாக்கு தடித்து வெளியே தள்ளி, தலை வீங்கியிருந்தால் பிரசவம் இழுத்துக்கொண்டே போய் மூச்சுத் திணறியிருக்கலாம். இது தலையீற்றுக் கிடாரிகளிடம் அதிகம், சின்ன ஜெர்சிக் கலப்புக் கிடாரிக்குப் பெரிய ஹோல்ஸ்டீன் காளையின் சினை ஊசி போட்டால் இன்னும் அதிகம். உடம்பெல்லாம் மஞ்சளாகக் கறை படிந்திருந்தால் வயிற்றுக்குள்ளேயே தவித்துச் சாணி போட்டிருக்கிறது. கண் உள்வாங்கி, பிடித்து இழுத்தால் முடி கையோடு வந்தால் அது செத்து நாளாகிவிட்டது. டாக்டர் கன்றை அறுத்து, நுரையீரலில் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார். மிதந்தால் வெளியே வந்து மூச்சு விட்ட பிறகு செத்தது, மூழ்கினால் மூச்சே விடவில்லை. இந்த ஒரு விஷயமே, தவறு பிரசவத்திலா அதற்கு முன்னாலா என்று பாதி சொல்லிவிடும்.

நஞ்சுக்கொடியையும் விரித்துப் பாருங்கள். நல்ல கொடி மெல்லிசாக, ஈரப் பளபளப்போடு இருக்கும், அதில் பூப்பூவாகச் சிவந்த முடிச்சுகள் தெரியும். புருசெல்லா தாக்கிய கொடி தோல் மாதிரித் தடித்து, முடிச்சுகளுக்கு இடையில் மஞ்சள் பழுப்பாகச் சீழ் அப்பியிருக்கும். ஆனால் பார்த்த பார்வையிலேயே முடிவு கட்ட வேண்டாம். கொடியில் ஒரு துண்டு, கன்றின் வயிற்றுக்குள் இருக்கும் திரவம், பசுவின் ரத்தம் மூன்றையும் ஐஸில் வைத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுத்தால்தான் சில நோய்கள் பிடிபடும், அதற்குச் சலித்துக்கொள்ளாதீர்கள். பெரிய சிக்கலாகத் தெரிந்தால் திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போவது நல்லது.

மாதிரி எடுத்ததும் மீதியை ஆறடி ஆழத்தில், கிணற்றையும் சானலையும் விட்டுத் தள்ளி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். வெயிலில் சீக்கிரம் செத்துப்போகும் புருசெல்லாக் கிருமி, ஈரமும் நிழலும் இருந்தால் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், நம்ம ரப்பர் தோட்டமும் வாழை விளையும் அதற்கு வசதியான இடம்தான். நனைந்த வைக்கோலை எரித்துவிடுங்கள், தரையை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுங்கள்.

எல்லாமே புருசெல்லா அல்ல. மழை சீசனில் மூத்திரம் சிவந்து, காய்ச்சலோடு பால் திடீரென்று குறைந்து கரு விழுந்தால் எலிக்காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும். தீவன மூட்டையில் எலி மூத்திரம் பட்டாலே போதும், இதுவும் மனிதருக்குத் தொற்றும். தொழுவத்து நாய் நஞ்சுக்கொடியைத் தின்று, பிறகு தீவனத்தில் கழிந்தால் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி வரும். ஊர்க்காளையோடு சேர்த்து, சினை நிற்காமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்தால் காளை பரப்பும் நோயாக இருக்கலாம், சினை ஊசிக்கு மாறுங்கள். கோமாரி, உண்ணிக் காய்ச்சல் என்று கடும் காய்ச்சல் எது வந்தாலும் கரு விழலாம். மரச்சீனி (மரவள்ளி) இலையையும் தோலையும் பச்சையாக அள்ளிப் போடும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். அதன் விஷம் பசுவையே கொல்லும், கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றாலும் அயோடினைக் கெடுத்து, கழுத்து வீங்கிய நோஞ்சான் கன்றோ செத்த கன்றோ பிறக்கும். தினமும் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இனி பசுவைக் கவனிப்போம். கொடி 12 மணி நேரத்தில் விழவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள். கல்லையோ செருப்பையோ கட்டித் தொங்கவிடுவது, கையை விட்டுப் பிய்த்து இழுப்பது இரண்டும் கருப்பையைக் கிழித்துப் புண்ணாக்கிவிடும், அந்தப் பசு அதற்கப்புறம் சினை பிடிப்பதே கஷ்டம். தெர்மாமீட்டரில் 103 டிகிரிக்கு மேல் காட்டினாலோ, நாற்றத்தோடு திரவம் ஒழுகினாலோ தாமதிக்காதீர்கள். பாலைப் பொங்கக் காய்ச்சாமல் யாரும் குடிக்கக் கூடாது. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், மாடு கன்று வீசியது என்று ஆஸ்பத்திரியில் முதலிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர்களுக்கு அந்த நினைப்பே வராது.

புருசெல்லா உறுதியானால் மாட்டுக்குச் சிகிச்சை கிடையாது. டாக்டர் சொல்கிறபடி அதைக் கூட்டத்திலிருந்து விலக்க வேண்டும். விஷயத்தை மறைத்து மேலப்பாளையம் சந்தையில் தள்ளிவிடுவது இன்னொரு குடும்பத்தின் தொழுவத்துக்குள் நோயை அனுப்புவது, அதைச் செய்யவே கூடாது. அதே மாதிரி சினைமாடு வாங்கிவந்தால் 30 நாள் தனியாகக் கட்டி, ரத்தம் பரிசோதித்த பிறகே மற்றதோடு சேர்த்துக் கட்டுங்கள். தடுப்பூசி நான்கு முதல் எட்டு மாதக் கிடாரிக் கன்றுக்கு, ஆயுளில் ஒரே தடவை. காளைக் கன்றுக்கும் சினைமாட்டுக்கும் போடக் கூடாது. 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசமாகவே போடுகிறார்கள், ஆகவே கிடாரிக் கன்று பிறந்த தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து மருந்தகத்தில் நினைவூட்டுங்கள்.

கன்று போட்டு 60 நாளாவது ஆகி, டாக்டர் கருப்பையைப் பார்த்துச் சரி என்ற பிறகே அடுத்த சினை ஊசி. கிடாரிக்குச் சின்னக் கன்று கொடுக்கும் காளையின் ஊசியாகக் கேளுங்கள். ஈனும் நாள் நெருங்கினால் ராத்திரியும் ஒரு ஆள் பார்த்துக்கொள்ளட்டும். பன்னீர்க்குடம் உடைந்து ஒரு மணி நேரமாகியும் கால் தெரியவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே போன் போடுங்கள்.