வருமான வரித் தாள்களை எப்போது கிழிக்கலாம்?

ரிட்டர்ன் தாக்கல் செய்ததுமே ஃபைலைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து மூன்றேகால் ஆண்டு வரை வருமான வரித்துறை அந்தக் கணக்கை மறுபடி திறக்கலாம். விடுபட்ட வருமானம் 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால் ஐந்தேகால் ஆண்டு வரை. ஃபாரம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்கு அலுவலகம் தரும் சான்று), வங்கி ஸ்டேட்மென்ட், எல்.ஐ.சி. ரசீது எல்லாவற்றையும் 8 ஆண்டு வைத்திருப்பது என் வழக்கம்.

வீடு, மனை விஷயம் வேறு. கிரயப் பத்திரம், முத்திரைத்தாள் செலவு, மாடி எடுத்த பில் எல்லாம் விற்கும் வரை இருக்கவேண்டும், விற்ற பிறகும் மேலே சொன்ன கணக்குப்படி. மாடி கட்டிய செலவுக்கு பில் இல்லையென்றால் மூலதன ஆதாய வரி, அதாவது விற்ற லாபத்துக்கான வரி, கூடிவிடும். அப்புறம், மெஷினில் வரும் வழவழப்பான பில் நாளாவட்டத்தில் வெளுத்து வெறும் தாளாகிவிடும். வாங்கிய கையோடு ஜெராக்ஸ் எடுத்துப் பின் பண்ணி வையுங்கள்.