ஐஜிஇ பரிசோதனை: குறைவாக வரும் எண்ணையும் சந்தேகப்படுங்கள்

ஒவ்வாமையோடு தொடர்புடைய ஐஜிஇ ஆன்டிபாடியை ரத்தத்தில் அளக்கும் எலைசா பிளேட்டில் புதிதாகக் கை வைக்கிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். டிப் மாற்றாதது, லேபிள் மாறியது போன்றவை எப்படியும் பிடிபட்டுவிடும். சத்தமில்லாமல் ரிப்போர்ட்டில் ஏறிவிடும் தவறுகள்தான் ஆபத்தானவை.

டைலூஷன் போடாமல் (சீரத்தை நீர்க்கவைத்துப் பார்க்காமல்) மொத்த ஐஜிஇயை வெளியிடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது. தடுக்க ஆகும் செலவு பிளேட்டில் இரண்டு வெல் (குழி) மட்டுமே.

சாண்ட்விச் கிட்டில் ஐஜிஇ இரண்டு ஆன்டிபாடிகளுக்கு நடுவே பிடிபடும்: ஒன்று வெல்லில் ஒட்டியிருப்பது, மற்றது நிறம் தரும் கான்ஜுகேட். ஒரே கட்டமாக நடக்கும் கிட்டில் சீரமும் கான்ஜுகேட்டும் சேர்ந்தே வெல்லுக்குள் போகின்றன. ஐஜிஇ அளவுமீறி இருந்தால், ஒரு பகுதி வெல்லில் ஒட்டியிருக்கும் ஆன்டிபாடியை நிரப்பிவிடும். மறு பகுதி கான்ஜுகேட்டைத் தனியே பிடித்துக்கொள்ளும். வாஷில் கான்ஜுகேட் போய்விடும், நிறம் குறையும். இதுதான் ஹூக் விளைவு.

உச்ச காலிபிரேட்டர் (அளவு தெரிந்த ஒப்பீட்டு மாதிரிகளில் மிக உயர்ந்தது) 1000 ஐயு/மிலி என்று வையுங்கள். நீர்க்காத சீரம் 380 காட்டுகிறது. எல்லைக்குள் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. அதே சீரம் 1:10ல் 510 தருகிறது, அதாவது 5100. 1:100ல் 52, அதாவது 5200. உண்மை அங்கேதான் இருக்கிறது.

ஆஸ்துமா நோயாளிக்கு அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையால் வரும் ஏபிபிஏ என்ற நுரையீரல் ஒவ்வாமை நோய் இருக்கிறதா என்று பார்க்கும் மருத்துவர், இந்த எண்ணை நம்பித்தான் அடுத்த அடி வைக்கிறார். பழைய வரம்பு 1000, புதியது 500. 380 என்று போனால் நோயே கண்டுபிடிக்கப்படாமல் போகும். இந்தியாவில் இதைக் காசநோய் என்று எண்ணி மருந்து கொடுப்பது ஏற்கெனவே நடக்கிறது. அதோடு நம் பிழையும் சேர வேண்டுமா?

'1000க்கு மேல்' என்று எழுதி நிறுத்துவதும் இதே தவறுதான். 5200, சிகிச்சைக்குப் பின் 3000 ஆனதா என்பதே மருத்துவருக்கு வேண்டிய தகவல்.

செய்ய வேண்டியது: 10 மைக்ரோலிட்டர் சீரம், கிட்டோடு வரும் டைலூயன்ட் 90. நன்கு கலக்கி, புது டிப்பில் அதிலிருந்து 10, மறுபடி டைலூயன்ட் 90. வெறும் சலைன் வேண்டாம். பெருக்கிய இரு விடைகளும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் இன்னும் நீர்க்க வையுங்கள். நடுவே வாஷ் உள்ள இரண்டு கட்டக் கிட்டில் ஹூக் தொல்லை குறைவு. ஆனாலும் உச்ச காலிபிரேட்டரைத் தாண்டினால் டைலூஷன் கட்டாயம்.

வேர்க்கடலை, கோதுமை, புல் மகரந்தம், லேடெக்ஸ்: எல்லாமே லேசான பாசிட்டிவ்

ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக ஐஜிஇ பார்க்கும்போது இப்படி வந்தால், தாவரப் புரதங்களில் பொதுவாக இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளை ஐஜிஇ பிடித்திருக்கலாம். பெரும்பாலும் இவை அறிகுறி தருவதில்லை. ரிப்போர்ட் போகும்முன், இந்தச் சங்கிலிகளுக்கான ஐஜிஇயைக் காட்டும் புரோமெலைன் அல்லது எம்யுஎக்ஸ்எஃப்3 பரிசோதனையைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு பொருளுக்கான தனி ஐஜிஇ 0.35 (kUA/L) தாண்டினால் 'ஒவ்வாமை உண்டு' என்று எழுதுவது

எழுதாதீர்கள். அது சென்சிடைசேஷன் மட்டுமே, அதாவது உடல் அந்தப் பொருளுக்கு எதிராக ஐஜிஇ உருவாக்கியிருக்கிறது என்பது மட்டுமே.

பயோட்டின் மாத்திரை

ஸ்ட்ரெப்டாவிடின்-பயோட்டின் பிணைப்பைப் பயன்படுத்தும் கிட் என்றால், நோயாளி இந்த வைட்டமின் மாத்திரை எடுக்கிறாரா என்று கேளுங்கள். சாண்ட்விச்சில் விடை பொய்யாக இறங்கும்.

ஆன்டிஹிஸ்டமினை நிறுத்தச் சொல்வது

அது தோல் பரிசோதனைக்கு. ரத்தத்துக்குத் தேவையில்லை.

ஓமலிசுமாப் போடுகிறவரின் மொத்த ஐஜிஇ

ஓமலிசுமாப் ஐஜிஇயைப் பிடித்துக்கொள்ளும் ஊசி மருந்து. ஊசிக்குப் பின் எண் ஏறும்: மருந்தோடு இணைந்த ஐஜிஇ ரத்தத்திலிருந்து மெதுவாகத்தான் வெளியேறும். மருந்தை நிறுத்தி ஓராண்டு வரைகூட அது உயர்ந்தே இருக்கலாம். மாதிரிப் படிவத்தில் இந்த மருந்துக்குத் தனிக் கட்டம் ஒதுக்குங்கள்.