எரிபொருள் செலவைக் குறைக்கப் பழைய டீசல் கார்: பார்த்து வாங்கும் முறை

2012 வாக்கில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய் வித்தியாசம் இருந்தது. அன்றைக்கு யார் டீசல் வண்டி வாங்கினாலும் லாபம்தான். 2014 அக்டோபரில் மத்திய அரசு டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. அதன்பின் அந்த இடைவெளி சுருங்கி, சென்னையில் கடந்த சில ஆண்டுகளாக எட்டு ஒன்பது ரூபாயில் நிற்கிறது. ஆகவே இன்று டீசல் காரில் மிச்சமாகும் பணம் பெரும்பாலும் மைலேஜில் இருந்துதான் வரவேண்டும். வாங்கப்போகிறவர் முதலில் போட வேண்டியது இந்தக் கணக்கு.

பெட்ரோல் 101 ரூபாய், லிட்டருக்கு 15 கி.மீ. என்றால் கிலோமீட்டருக்கு 6.73 ரூபாய். டீசல் 92.50, லிட்டருக்கு 20 கி.மீ. என்றால் 4.63 ரூபாய். கிலோமீட்டருக்கு மிச்சம் சுமார் 2.10. மாதம் 1,500 கி.மீ. ஓட்டுபவருக்கு ஆண்டுக்கு 37,800 ரூபாய் மிஞ்சும், நல்ல தொகை. மாதம் 500 கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்கு 12,600. இந்த டீசல் வண்டிகளுக்கு ஒரு புது இன்ஜெக்டரே (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் கருவி) பத்தாயிரத்தைத் தாண்டும், ஒரு காரில் அது நான்கு இருக்கும். மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கீழே ஓடுகிறவர் பெட்ரோல் வண்டியே வாங்கலாம். தினமும் நான்கைந்து கிலோமீட்டர் ஓட்டி அலுவலகம் போய்த் திரும்புகிறவருக்கு டீசல் ஒத்தே வராது. இன்ஜின் சூடேறுவதற்குள் அணைத்துவிடுவதால் இஜிஆர் வால்விலும் (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பிவிடுவது) இன்டேக் மேனிஃபோல்டிலும் (காற்று உள்ளே போகும் வழி) கரி படியும், பிக்கப் செத்துப்போகும்.

எந்த வண்டி

பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகள்தான் பழைய டீசலில் நல்ல தேர்வு. சென்னை உட்பட 13 நகரங்களில் 2010 ஏப்ரலிலும், நாடு முழுக்க 2017 ஏப்ரலிலும் இந்த விதி வந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததும் டீசல் கார்களில் கரி வடிகட்டி கட்டாயம்போல் ஆகிவிட்டது. நகரத்துக்குள்ளேயே சுற்றினால் அது அடைத்துக்கொண்டு, மாற்றச் சொன்னால் பெரிய செலவு வைக்கும். பெரும்பாலான சின்ன பிஎஸ்-4 கார்களில் அந்தத் தொல்லை இல்லை.

மாருதி ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ் வண்டிகளில் இருப்பது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட், 1,248 சிசி. டாடா இண்டிகா விஸ்டா, மான்சா, ஃபியட் புன்டோ எல்லாவற்றிலும் அதே குடும்பத்து இன்ஜின்தான். எந்த ஊரிலும் சாமான் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் கை பழகியது. வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் பிசகாமல் இயக்க இதில் இருப்பது டைமிங் செயின். டொயோட்டா எட்டியோஸ் 1.4, ஹூண்டாய் ஐ20 1.4, ஹோண்டா அமேஸ் 1.5 டீசல் மூன்றிலும் செயின்தான். ரெனோ, நிசான் வண்டிகளில் வரும் 1.5 டிசிஐ, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வாகன் போலோ 1.5 ஆகியவற்றில் டைமிங் பெல்ட். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் போய்விடும். பெல்ட்டை உரிய நேரத்தில் மாற்றியதற்குக் கையில் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்து மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

இன்சூரன்ஸையும் பாருங்கள். 2022 ஜூன் முதல் அமலான தேர்ட் பார்ட்டி பிரீமியம் 1,000-க்கு மேல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய், அதைத் தாண்டினால் 7,897, வரி தனி. 1.3, 1.4, 1.5 இன்ஜின்கள் எல்லாம் முதல் வகைக்குள் அடங்கும். 1,582 சிசி வெர்னா வாங்கினால் ஆண்டுதோறும் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

குளிர்ந்த இன்ஜினில்தான் உண்மை தெரியும்

பார்க்கப் போவதற்கு முன் விற்பவரிடம் "காலையில் ஸ்டார்ட் பண்ணாம வைங்க, நான் வந்து பண்ணிக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கைவையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள். முன்பே ஓட்டி வைத்த இன்ஜினில் பாதிக் கோளாறு வெளியே தெரியாது.

சாவியைத் திருப்பி, சுருள் வடிவ விளக்கு (இன்ஜினுக்குள் முன்கூட்டிச் சூடேற்றும் குளோ பிளக்கின் விளக்கு) அணைந்ததும் செல்ஃப் போடுங்கள். ஓரிரு நொடியில் பிடிக்க வேண்டும். ஐந்தாறு நொடி சுற்றிய பிறகு பிடித்தால் "குளோ பிளக் வீக், சின்ன வேலை" என்பார்கள். நம் ஊர் வெயிலுக்குக் குளோ பிளக் செத்திருந்தாலும் காமன் ரெயில் இன்ஜின் (எல்லா இன்ஜெக்டருக்கும் ரெயில் என்ற ஒரே குழாயில் இருந்து உயர் அழுத்த டீசல் போவது) ஸ்டார்ட் ஆகிவிடும். தாமதமாகப் பிடிப்பதன் பொருள் பெரும்பாலும் ரெயிலில் அழுத்தம் ஏறவில்லை என்பதே. இன்ஜெக்டர்கள் தேய்ந்து டீசல் ரிட்டர்ன் லைனில் ஓடுகிறது, அல்லது ஹை பிரஷர் பம்ப் தளர்ந்திருக்கிறது, அல்லது டீசல் ஃபில்டர் பக்கம் காற்று இழுக்கிறது. கடைசியது மட்டும்தான் சின்ன வேலை.

மல்டிஜெட் இன்ஜினில் ஸ்டார்ட் ஆன உடனே செயின் பக்கம் காதைக் கொடுங்கள். ஒரு நொடி கரகரத்து நின்றால் பரவாயில்லை. சத்தம் தொடர்ந்தால் செயினும் டென்ஷனரும் போயிருக்கின்றன. ஆயிலை நேரத்துக்கு மாற்றாததுதான் காரணம், ஆகவே டர்போவும் (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளுவது) அதே ஆயில் பட்டினியில் கிடந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்ஜின் ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதே துளையின் மேல் தலைகீழாக வையுங்கள். லேசாக அதிர்வது இயல்பு. குதித்தால், அல்லது துளையில் புகை விட்டுவிட்டு வீசினால் பிஸ்டன் ரிங் தேய்ந்து கம்ப்ரஷன் கீழே இறங்குகிறது. அந்த வண்டியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்தால் சில ஆண்டு மிச்சமும் அதிலேயே போய்விடும்.

புகையையும் படிக்கலாம். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு வீச்சு கருப்புப் புகை வந்து அடங்கினால் இஜிஆர் கரி, ஏர் ஃபில்டர் போன்ற சாதாரண விஷயம். மிதித்துக்கொண்டிருக்கும்வரை கருப்பாகவே வந்தால் இன்ஜெக்டர், அல்லது டர்போ ஹோஸில் கிழிசல். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை வந்து, கூலன்ட் டப்பாவில் குமிழும் வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது.

இன்ஜெக்டர் சோதனை

இதற்குத்தான் பணமும் நேரமும் செலவிட வேண்டும், ஏனென்றால் பழைய டீசல் வாங்கி நொந்தவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் அடிபடுகிறார்கள். பிளாஸ்டிக் கவரைக் கழற்றி இன்ஜெக்டர்களின் அடியைப் பாருங்கள். தார் போலக் கெட்டியாகக் கரி படிந்திருந்தால் செம்பு வாஷர் லீக். நாளானால் இன்ஜெக்டர் அங்கேயே இறுகிக்கொண்டு, கழற்றும்போது ஹெட்டும் சேர்ந்து கெடும்.

அடுத்து ரிட்டர்ன் லீக் சோதனை. நான்கு இன்ஜெக்டர்களின் தலையிலும் இருக்கும் ரிட்டர்ன் கிளிப்புகளைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் மெல்லிய டியூப் மாட்டி நான்கு கண்ணாடிப் பாட்டில்களில் விட வேண்டும். இன்ஜெக்டர்களில் இருந்து கழற்றிய ரிட்டர்ன் குழாயின் வாயை அடைத்துவிட்டு, இன்ஜினை மூன்று நிமிடம் ஐடிலிங்கில் ஓடவிட வேண்டும். நான்கிலும் டீசல் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தால் நிம்மதி. ஒன்றில் மட்டும் மற்றவற்றைவிட இருமடங்கு நின்றால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது. நான்குமே நிரம்பி வழிந்தால் வந்த வழியே திரும்புங்கள். பம்ப், நாசில் சர்வீஸ் செய்யும் எந்தக் கடையிலும் அரை மணி நேரத்தில் செய்து தருவார்கள். விற்பவர் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதுவே ஒரு பதில். பாட்டிலில் விழும் டீசலில் பளபளப்பான உலோகத் தூள் மினுங்கினால் பம்ப் உள்ளே தேய்கிறது. பம்ப், ரெயில், இன்ஜெக்டர் மூன்றும் சேர்ந்து போகும்.

டர்போவுக்கு, இன்ஜின் அணைந்த நிலையில் உள்ளிழுக்கும் பக்கத்து ரப்பர் ஹோஸைக் கழற்றி விரலால் ஷாஃப்டை அசையுங்கள். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருக்கலாம். உள்ளே வெளியே நகரவே கூடாது. இன்டர்கூலர் ஹோஸின் உள்பக்கம் ஈரப்பசை இருந்தால் போதும், ஆயில் சொட்டினால் ஆகாது.

ஓட்டிப் பார்க்கும்போது

நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டே முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. 1.3 மல்டிஜெட்டில் 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே இழுவை குறைவு. அதனால் டிராஃபிக்கில் கிளட்ச்சில் காலை வைத்தே ஓட்டுவார்கள், பிளேட் சீக்கிரம் தேயும். போலோ போன்றவற்றில் இரட்டை ஃப்ளைவீல் (இன்ஜின் அதிர்வைத் தாங்கும் இரு அடுக்குச் சக்கரம்) இருப்பதால் அணைக்கும்போது தடதடவென்று உதறினால் கிளட்ச் மட்டும் மாற்றித் தப்பிக்க முடியாது.

மீட்டரை நம்பாதீர்கள். டீசல் வண்டியை அதிகம் ஓட்டத்தான் வாங்கியிருப்பார்கள். பத்து வயது வண்டியில் 60,000 கி.மீ. என்று காட்டினால் பெடல் ரப்பர், ஸ்டீயரிங்கின் மேல்பகுதி, டிரைவர் சீட்டின் வெளி ஓரம் மூன்றையும் பாருங்கள். வண்டி எண்ணைக் கொடுத்து ஷோரூமில் சர்வீஸ் வரலாற்றைக் கேட்பதே உறுதியான வழி. எட்டியோஸ், டிசையர், இண்டிகா என்றால் டி போர்டில் (வாடகை டாக்ஸியாக) ஓடி ஓன் போர்டுக்கு (சொந்த வண்டியாக) மாற்றப்பட்டதா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

சென்னை வண்டியென்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் மனத்தில் வையுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் மண் கறை தெரியும். ஸ்டெப்னி குழி, சீட் தண்டவாளம், டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஒயர் கனெக்டர் இவற்றில் துருவோ வண்டலோ இருந்தால் வேண்டாம். தண்ணீர் குடித்த டீசல் இன்ஜினில் கனெக்டிங் ராடு லேசாக வளைந்தும் வண்டி ஓடும். பிறகொரு நாள் ஹைவேயில் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

பேப்பர்

சொந்த வண்டிக்கு ஆர்சி 15 ஆண்டு. 2012 வண்டி என்றால் 2027-ல் எஃப்சி (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-ல் இருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி வேறு. லோன் இருந்தால் ஃபார்ம் 35-ம் வங்கியின் என்ஓசி-யும் (தடையில்லாச் சான்று), பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30-ம் வாங்குங்கள். பரிவாகன் தளத்தில் ஹைப்பாதிகேஷனும் (வண்டி மீதான கடன் பதிவு) நிலுவை அபராதமும் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

டெல்லி பக்கம் டீசலுக்குப் பத்து வயது வரம்பு வந்ததால் அங்கிருந்து மலிவாக வண்டிகள் வரத் தொடங்கின. ஃபார்ம் 28 என்ஓசி, இங்கே மறுபதிவு, தமிழ்நாட்டு ஆயுள் வரி எல்லாம் கூட்டினால் அந்த மலிவு பாதியாகக் கரையும். ஆர்டிஓ அலுவலகத்தில் வரித் தொகையைக் கேட்காமல் டெல்லி வண்டிக்கு விலை பேச வேண்டாம்.

வாங்கிய வாரத்திலேயே

கொடுத்த விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு வாங்குவதே சரி. முதல் வேலையாக இன்ஜின் ஆயில் (மல்டிஜெட்டுக்கு 5டபிள்யூ-30, மூன்று லிட்டர் சொச்சம்), ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட் எல்லாவற்றையும் மாற்றுங்கள். அடுத்த முறை 10,000 வரை காத்திராமல் 7,500 கி.மீ.யில் ஆயிலை மாற்றுங்கள். செயினுக்கும் டர்போவுக்கும் அதுதான் ஆயுள். டீசல் ஃபில்டரில் மலிவு சரக்கு வாங்கவே கூடாது, அடியில் தேங்கும் தண்ணீரை மழைக்காலத்தில் வடித்துவிட வேண்டும். டேங்கில் கால் பங்குக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். ஹைவேயில் விரட்டி வந்து நிறுத்தினால், ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விட்டுப் பிறகு அணையுங்கள். சட்டென்று அணைத்தால் டர்போ பேரிங்கில் நிற்கும் ஆயில் வெந்து கரியாகிவிடும்.