காருக்கு நீங்களே பெயிண்ட் அடிக்கப் போகிறீர்களா? டின் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

மாமாவின் வெள்ளை மாருதி 800-க்கு நாங்கள் முதல் தடவை அடித்தது, இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற எனாமல். தெருமுனை ஹார்டுவேர் கடையில் வாங்கினோம். கார் பெயிண்ட் கடையில் சொன்ன விலையில் பாதிகூட இல்லை. "பளபளன்னு இருக்கும் தம்பி" என்றார் கடைக்காரர். பொய் சொல்லவில்லை. மூன்று வாரம் பளபளவென்றுதான் இருந்தது. நான்காவது வாரம் பெட்ரோல் போடும்போது மூடிக்குக் கீழே நாலு சொட்டு வழிந்தது. மாமா துணியால் துடைத்தார். துணியோடு பெயிண்டும் வந்துவிட்டது.

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. சரி, இனி நல்ல பெயிண்டாக அடிப்போம் என்று அந்த எனாமல் மேலேயே என்.சி. என்கிற கார் பெயிண்டைத் தின்னர் கலந்து அடித்தோம். ஐந்தே நிமிடத்தில், ஆறிய பாலில் ஆடை சுருங்குமே, அதுபோல பானட் முழுக்கச் சுருங்கி எழும்பியது. பிறகு நானும் மாமாவும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, தகடு தெரியும் வரை உப்புத்தாளால் தேய்த்தோம். அந்த உப்புத்தாள், தின்னர், வீணான பெயிண்ட் எல்லாவற்றையும் கூட்டினால், முதலிலேயே சரியான சரக்கை வாங்கியிருக்கலாம்.

எனாமல் மோசமான பெயிண்ட் இல்லை. லாரி பாடிக்கும் டிராக்டருக்கும் அதைத்தான் காலகாலமாக அடிக்கிறார்கள். பிரஷ்ஷிலேயே அடிக்கலாம். ஆனால் அது காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து மெதுவாக இறுகுகிற சரக்கு. தொட்டால் ஒட்டாத நிலை ஒரே நாளில் வந்துவிடும்; உள்ளே முழுதாக இறுக வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் தூசி, பூச்சி, பக்கத்து வீட்டுப் பூனையின் கால்தடம் எல்லாம் அதில் பதிந்துவிடும். வெயிலில் சீக்கிரம் வெளிறும். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, அதன் மேல் வேறு பெயிண்டை நம்பி அடிக்க முடியாது என்பதுதான்.

அதனால், எந்த பெயிண்ட் மலிவு என்று கேட்பதற்கு முன்னால், வண்டியில் இப்போது என்ன பெயிண்ட் இருக்கிறது என்று பாருங்கள். பழைய வண்டி வாங்கியிருந்தால் இது ரொம்ப முக்கியம். முன்பு வைத்திருந்தவர் எதை அடித்தார் என்று யாருக்குத் தெரியும்? கதவைத் திறந்து உள்மடிப்பில் கண்ணில் படாத ஓர் இடத்தில், தின்னரில் நனைத்த பஞ்சை வைத்து ஒரு நிமிடம் தேயுங்கள். பஞ்சில் நிறம் உடனே இறங்கினால் அது என்.சி. பெயிண்ட். படலம் சுருங்கினாலோ உப்பினாலோ எனாமல். ஒன்றுமே ஆகவில்லையென்றால் கம்பெனி பெயிண்ட், அல்லது இறுக வைக்கிற ஹார்டனர் கலந்து அடித்த பி.யு. (பாலியூரித்தேன்). கதவுமடிப்பில் கம்பெனி பெயிண்ட் அப்படியே இருந்து, வெளியே மட்டும் யாராவது அடித்திருக்கலாம். ஆகவே பம்பருக்குக் கீழே இன்னொரு இடத்திலும் தேய்த்துப் பாருங்கள். கூடவே கொஞ்சம் ரப்பிங் காம்பவுண்டை வெள்ளைத் துணியில் வைத்து வெளித்தகட்டிலும் தேயுங்கள். துணியில் காரின் நிறம் வந்தால் மேலே கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, கிடையாது. வராவிட்டால் கிளியர் இருக்கிறது. வெள்ளைக் காருக்குக் கறுப்புத் துணியில் செய்தால்தான் தெரியும்.

இந்த ரப்பிங் சோதனையில் சிலருக்குச் சும்மா ஒரு லாபமும் கிடைக்கும். தேய்த்த இடம் பளிச்சென்று மாறினால், உங்கள் காருக்குப் பெயிண்டே தேவையில்லை. மேல்படலம் வெளிறியிருக்கிறது, அவ்வளவுதான். ரப்பிங்கும் பாலிஷும் போதும்.

கார் பெயிண்ட் கடையில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு வகை. என்.சி. என்கிற நைட்ரோசெல்லுலோஸ், தின்னர் பறந்ததும் காய்ந்துவிடும். பழகுவதற்கு எளிது, விலையும் குறைவு. தப்பாகிவிட்டால் தேய்த்துவிட்டு அன்றைக்கே மறுபடி அடிக்கலாம். ஆனால் காய்ந்த பிறகும் தின்னர் பட்டால் கரையும், பாலிஷ் போட்டால்தான் மினுக்கும், வெயிலில் சில வருடம்தான் தாங்கும். பி.யு. அப்படியில்லை. ஹார்டனரோடு வேதிவினை நடந்து இறுகும். பெட்ரோல் பட்டாலும் அசையாது. அடித்த உடனேயே மினுக்கம் வந்துவிடும். கம்பெனியில் சுமார் 140 டிகிரியில் சுட்டு எடுக்கும் பெயிண்டுக்கு வீட்டில் கிடைக்கும் நெருங்கிய சொந்தம் இதுதான். நாலு வருடத்துக்கு மேல் வண்டியை வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் என்.சி. மலிவு இல்லை என்பது என் கட்சி.

எவ்வளவு வாங்குவது?

இங்கேதான் அதிகக் காசு வீணாகிறது. பயந்துபோய் நாலு லிட்டர் டின் வாங்குகிறவர்களும் உண்டு. ஒரு லிட்டர் வாங்கிவிட்டு, கடைசிக் கதவுக்கு வரும்போது தீர்ந்துபோய்க் கடைக்கு ஓடுகிறவர்களும் உண்டு. இரண்டாவது ரகம்தான் பாவம். மறுபடி கலந்து வாங்குகிற பெயிண்ட் முதல் டின்னின் நிறத்திலிருந்து ஒரு நூல் தள்ளித்தான் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாருதி 800-இன் நீளம் 3,335 மில்லிமீட்டர், அகலம் 1,440. கண்ணாடிகளை விட்டுவிட்டு வெளித்தகட்டை மட்டும் எடுத்தால், குத்துமதிப்பாக 10 சதுர மீட்டர். காய்ந்த பிறகு மேல்பூச்சு 50 மைக்ரானாவது இருக்க வேண்டும். 10 சதுர மீட்டரில் 50 மைக்ரான் என்றால் அரை லிட்டர், அதாவது காய்ந்த பெயிண்ட். நீங்கள் ஸ்ப்ரே கன்னில் ஊற்றுகிற கலவையில் பாதிதான் தகட்டில் தங்கும், மீதி ஆவியாகிவிடும். ஆக ஒரு லிட்டர். கன்னிலிருந்து கிளம்புவதிலும் ஏறக்குறைய பாதி காற்றோடு போகும். ஆக இரண்டு லிட்டர் கலவை. கை பழகாதவர்கள் இரண்டரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு மடிப்பு, பானட்டின் உள்பக்கம் எல்லாம் அடிப்பதென்றால் இன்னும் கொஞ்சம்.

இது கலவையின் அளவு, டின்னின் அளவு இல்லை. இரண்டு பங்கு பெயிண்டுக்கு ஒரு பங்கு ஹார்டனர், பத்து சதவீதம் தின்னர் என்று டின்னில் போட்டிருந்தால், இரண்டு லிட்டர் கலவையில் பெயிண்ட் சுமார் 1.2 லிட்டர், ஹார்டனர் 600 மில்லி. விகிதம் பிராண்டுக்குப் பிராண்ட் மாறும், உங்கள் டின்னில் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும். விலை விசாரிக்கும்போது பெயிண்ட் விலையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். பல சமயம் லிட்டர் கணக்கில் ஹார்டனர்தான் விலை கூடுதல். இரண்டு கடைகளை ஒப்பிடுவதாக இருந்தால் பெயிண்ட், ஹார்டனர், அதற்குரிய தின்னர் மூன்றையும் சேர்த்துக் கேட்டு, கலந்த பிறகு லிட்டர் என்ன விலை என்று வகுத்துப் பாருங்கள். மலிவு என்று நினைத்த டின் சில சமயம் அங்கே தோற்றுவிடும்.

ஸ்ப்ரே கேனிலேயே முழுக் காரையும் முடித்துவிடலாம் என்கிறவர்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 400 மில்லி கேனில் கணிசமான பங்கு, பெயிண்டை வெளியே தள்ளுகிற வாயுவும் தின்னரும்தான். கண்ணாடி மூடி, பம்பர் முனை, கீறல் இவற்றுக்கு அது சரி. முழுக் காருக்கு வாங்கினால் கேன்களை எண்ணியே கை ஓய்ந்துவிடும். கம்ப்ரஸரும் கன்னும் நாள் வாடகைக்குக் கிடைக்கும். வாடகைக்கு எடுக்கும்போது டேங்க் பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள். டயருக்குக் காற்றடிக்கிற குட்டி கம்ப்ரஸர் பாதிக் கதவிலேயே மூச்சு வாங்கும்; அழுத்தம் இறங்கியதும் பெயிண்ட் துளித்துளியாகத் தெறிக்கும்.

தின்னரில் மிச்சம் பிடிக்காதீர்கள்

பெயிண்டும் ஹார்டனரும் நல்லதாக வாங்கிவிட்டு, தின்னர்தானே என்று கேனில் அளந்து ஊற்றுகிற மலிவுச் சரக்கை வாங்குவது இன்னொரு வழக்கமான தவறு. என்.சி. தின்னரில் பெரும்பாலும் ஆல்கஹால் கலந்திருக்கும். பி.யு. ஹார்டனர் பெயிண்டோடு சேர வேண்டியது. ஆல்கஹாலைக் கண்டால் அதோடு சேர்ந்துவிடும். அப்புறம் பெயிண்ட் இறுகாது, மங்கலாக, நகம் பட்டால் பள்ளம் விழுகிற மாதிரி கிடக்கும். பார்க்கிறவர்கள் "பெயிண்ட் போலி" என்பார்கள். பெயிண்ட் ஒரு பாவமும் அறியாது. மலிவுத் தின்னரைக் கன் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

பாதி பயன்படுத்திய ஹார்டனர் டின்னை யாராவது குறைந்த விலைக்குக் கொடுத்தால் வாங்க வேண்டாம். ஹார்டனர் காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரியும். திறந்து வைத்த டின் கலங்கியோ, கட்டிதட்டியோ போயிருக்கும். பெயிண்ட் மட்டும் மிச்சச் சரக்காகக் கிடைத்தால் வாங்கலாம், ஒரே நிறம், ஒரே பிராண்ட், ஒரே வகை என்றால். இரண்டு மூன்று டின் கிடைத்தால், அடிக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துவிடுங்கள். டின் டின்னாக அடித்தால் ஒரு கதவு ஒரு வெள்ளை, அடுத்த கதவு வேறொரு வெள்ளை.

நிறத்தில் உண்மையாகவே மிச்சம் பிடிக்கலாம். சாலிட் வெள்ளை வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பி.யு.வில் நேராக அடித்தால் போதும், மேலே கிளியர் தேவையில்லை. மெட்டாலிக் என்றால் பேஸ் கோட், அதன் மேல் கிளியர் கோட் என்று இரண்டு சரக்கு, இரண்டு வேலை. போதாததற்கு அதிலுள்ள அலுமினியத் துகள்கள் எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கின்றன என்பதைப் பொறுத்து நிறமே மாறித் தெரியும். கன்னைப் பிடிக்கிற தூரம் கூடிக் குறைந்தால் கறுப்புப் பட்டை விழும். முதல் முயற்சியிலேயே சில்வர் காரைத் தொடாதீர்கள் என்று சொல்வேன். சிவப்பும் செலவு வைக்கும். அதன் நிறமியும் விலை, அடியிலிருப்பதை மறைக்கவும் மாட்டாது. அதற்குத் தோதான நிறத்தில் பிரைமர் என்கிற அடிப்பூச்சு போடாவிட்டால் கோட் மேல் கோட்டாக இழுத்துக்கொண்டே போகும்.

கடையில் "மாருதி வெள்ளை கொடுங்கள்" என்று கேட்காதீர்கள், நிறத்தின் குறியீட்டு எண்ணைச் சொல்லுங்கள். மாருதியின் சுப்பீரியர் ஒயிட் என்றால் 26யு. உங்கள் வண்டியின் நிறக் குறியீடு, இன்ஜின் அறையிலோ கதவுத் தூணிலோ உள்ள தகட்டில் இருக்கலாம். தகடு போய்விட்ட பழைய வண்டி என்றால் பெட்ரோல் மூடியைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போங்கள். ரப்பிங் போட்டுத் துடைத்துவிட்டு எடுத்துப் போங்கள். அழுக்குக்குப் பொருத்தமாகக் கலந்து கொடுத்துவிடப் போகிறார்கள்.

சில சமயம் பெயிண்டே வாங்காமல் தப்பிக்கலாம். துருப்பிடித்தது பானட் மட்டும், அல்லது ஒரு கதவு மட்டும் என்றால், சென்னைக்காரர்கள் பழைய வண்டிப் பாகங்கள் விற்கிற புதுப்பேட்டையில் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். அதே நிறத்தில் பழைய பானட் மாட்டினால் டிங்கரிங், பள்ளம் நிரப்புகிற பட்டி, பிரைமர் எல்லாச் செலவும் மிச்சம்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இன்னொரு சாமான், மாஸ்க். பி.யு. ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு துளியளவு பட்டாலும் மூச்சுத் திணறும். வாசனையை வைத்து எச்சரிக்கையாக இருக்கவும் முடியாது. மூக்குக்குத் தெரிகிற அளவுக்கு முன்பே அது கெடுதல் செய்துவிடும். கைக்குட்டை, துணி மாஸ்க், கொரோனா கால மாஸ்க் எதுவும் இதற்கு உதவாது. தொழில்முறை பூத்களில் வெளிக்காற்றைக் குழாய் வழியே முகமூடிக்குக் கொண்டுவருவார்கள். அது முடியாது, மூடிய ஷெட்தான் இருக்கிறது, வீட்டில் குழந்தைகளும் இருக்கிறார்கள் என்றால், பட்டி, தேய்ப்பு, பிரைமர் வரை நீங்கள் செய்துவிட்டு, கடைசிப் பூச்சை மட்டும் பெயிண்டரிடம் விடுங்கள். உழைப்பில் பெரும்பகுதி அதற்கு முன்பே முடிந்துவிட்டது, கூலியும் அதற்கேற்பக் குறையும். தகடு வரை தேய்த்த பிறகு நாங்கள் செய்தது அதைத்தான். என்.சி.யே போதும் என்று முடிவு செய்தாலும், தின்னர் ஆவிக்குரிய கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும், பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது.

நாள் பார்க்கவும் வேண்டும். ஆடிக் காற்றில் அடித்தால் பெயிண்டோடு தெருப் புழுதியும் ஒட்டும். மழைக்கால ஈரத்தில் என்.சி. அடித்தால் மேலே வெள்ளை பூத்துவிடும். சித்திரை நண்பகலில் தகடு கொதிக்கும். பெயிண்ட் பரவுவதற்குள் காய்ந்து ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாக நிற்கும். எங்கள் பெயிண்டர் அண்ணன் தை, மாசியில், பனி ஆறிய பிறகு காலை ஒன்பது மணிக்குத்தான் கன்னையே கையில் எடுப்பார்.

நிறத்தையே மாற்றுவதாக இருந்தால், ஆர்.சி.யில் நிறம் பதிவாகியிருக்கிறது என்பதை மறக்காதீர்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு, அங்கேயும் மாற்றிக்கொள்ள வேண்டும். மிலிட்டரி பச்சை மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால் வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி ஆலிவ் பச்சை ராணுவ வண்டிகளுக்கு மட்டும்தான்.

கடைசியாக அடித்ததில் மீந்த பெயிண்டை, ஹார்டனர் கலக்காமல், ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் வாய்வரை ஊற்றி மூடி, மேலே 26யு என்றும் வாங்கிய தேதியையும் எழுதி வைத்திருக்கிறோம். இதுவரை இரண்டு கீறலுக்கு அது உதவியிருக்கிறது. பின்கதவுக்குக் கீழே, நான் சரியாகத் தேய்க்காமல் விட்ட ஓரிடத்தில் மட்டும் பட்டியின் விளிம்பு கோடாகத் தெரிகிறது. சாய்வெயிலில் குனிந்து பார்த்தால்தான் தெரியும். மாமா வண்டியைக் கழுவும்போதெல்லாம் குனிந்து பார்க்கிறார்.