அரசு டிஜிட்டல் டீமில் வாரக்குறிப்பு எழுதத் தொடங்குவது எப்படி

பிரிட்டனில் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தின் டிஜிட்டல் டீமில் சேர்ந்த புதிதில், பார்க்கிங் பெர்மிட் விண்ணப்பத்தைச் சீரமைக்கும் வேலை எனக்கு வந்தது. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வடிவம் செய்து காட்டினேன். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதைத்தான் போன வருஷம் செய்து பார்த்துவிட்டு வேண்டாமென்று விட்டோம்" என்றார். ஏன் விட்டார்கள் என்று அவருக்கு நினைவில்லை. நினைவிருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

அந்த வாரமே வாரக்குறிப்பு எழுத ஆரம்பித்தேன். வாரக்குறிப்பு என்றால், அந்த வாரம் டீமில் என்ன நடந்தது என்று மற்றவர்கள் படிக்க எழுதி வைக்கும் சிறு குறிப்பு. இது நான் கண்டுபிடித்ததல்ல. பிரிட்டன் அரசு டிஜிட்டல் டீம்களில் நன்றாகப் புழங்கும் பழக்கம். அங்கே 2011-ல் தொடங்கிய ஜிடிஎஸ் (அரசு டிஜிட்டல் சேவை) என்ற பிரிவு, அடுத்த ஆண்டு பத்து வடிவமைப்புக் கொள்கைகளை வெளியிட்டது. வேலையை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்தால் வேலை மேம்படும் என்பது பத்தாவது. அலுவலகங்கள் மக்களுக்கு எஸ்எம்எஸ், மின்னஞ்சல் அனுப்ப அவர்கள் கட்டிய 'நோட்டிஃபை' சேவையின் கோட் (மென்பொருள் நிரல்), கோட் பகிரும் தளமான கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி இருந்தது. 2019-ல் கனடா அரசு அதை எடுத்துத் தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது.

சரி, அவ்வளவு தூரம் போகவேண்டாம். வெள்ளிக்கிழமை இருபது நிமிடத்திலிருந்து தொடங்குவோம்.

படி 1: இடத்தை முடிவு செய்யுங்கள்

அலுவலகத்தில் எல்லோரும் திறக்கக்கூடிய ஒரு பக்கம் போதும். மின்னஞ்சல் மட்டும் வேண்டாம். ஆள் போகும்போது அதுவும் கூடவே போய்விடும். முதல் ஒன்றிரண்டு மாதம் உள்ளுக்குள்ளேயே எழுதுங்கள், கூச்சம் தெளியட்டும்.

படி 2: நடந்ததை எழுதுங்கள்

என் முதல் குறிப்பு இப்படி இருந்தது: "பெர்மிட் விண்ணப்பப் பணி நல்ல முன்னேற்றத்தில் உள்ளது." இதைப் படித்து யாருக்கு என்ன லாபம்? திருத்தியது இது:

"ஆறு பேரிடம் விண்ணப்பத்தைக் கொடுத்துப் பார்த்தோம். நான்கு பேர் 'வி5சி' கேட்கும் இடத்தில் நின்றுவிட்டார்கள். மக்கள் அதை லாக் புக் என்கிறார்கள். அந்தச் சொல்லை மாற்றுகிறோம்."

(வி5சி என்பது வண்டியின் பதிவு ஆவணம்.) எத்தனை பேர், எந்த இடம், அடுத்து என்ன. இந்த மூன்றும் இருந்தால் நான்கு வரியே ஏராளம்.

படி 3: கைவிட்டதையும் எழுதுங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. என்னைக் கேட்டால், மற்ற எல்லாவற்றையும் விட்டாலும் இதை விடக்கூடாது. செய்து முடித்தது தளத்தில் கண்ணுக்குத் தெரியும். செய்யாமல் விட்டதற்குச் சுவடே இருக்காது. அதனால்தான் என்னுடைய மூன்று வாரம் வீணானது.

கைவிட்டதை எழுத ஓர் எளிய அச்சு: என்ன யோசித்தோம், ஏன் விட்டோம், எது மாறினால் திரும்ப எடுக்கலாம். உதாரணமாக: "லாக் புக் படத்தை எல்லோரிடமும் கேட்கலாம் என்று நினைத்தோம். கம்பெனி கார் ஓட்டுபவரிடம் லாக் புக்கே இருக்காது, அது கம்பெனி பெயரில் இருக்கும். அதனால் விட்டோம். கம்பெனி கடிதத்தை ஏற்கலாமென்று பெர்மிட் பிரிவு சொன்னால் மறுபடி பார்க்கலாம்."

"ஏன்" என்ற இடத்தில் ஆளைக் குறை சொல்லாதீர்கள். "பெர்மிட் பிரிவு ஒத்துழைக்கவில்லை" என்று நான் ஒருமுறை எழுதிவிட்டு, இரண்டு வாரம் அவர்கள் முகத்தில் விழிக்க முடியாமல் திரிந்தேன்.

படி 4: வெளியே விடுமுன் சலித்துப் பாருங்கள்

விண்ணப்பதாரரின் பெயர், முகவரி கூடாது. நடந்துகொண்டிருக்கும் டெண்டர் பற்றிய பேச்சு கூடாது. அறிவிக்காத கொள்கை முடிவும் கூடாது. பிரிட்டனில் தேர்தலுக்கு முந்தைய வாரங்களில் அரசு அலுவலகங்கள் வெளியே பேசுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. அப்போது மேனேஜரைக் கேட்டுவிட்டே வெளியிடுங்கள். குறிப்பில் வரும் பிரிவுக்கு முன்கூட்டியே காட்டிவிடுவது நல்லது. பெரும்பாலும் ஒரு சொல்லைத்தான் மாற்றச் சொல்வார்கள்.

படி 5: அப்புறம் கோட்

புதிய கோட் எழுதினால் அதைத் திறந்து வைப்பதே பிரிட்டன் அரசுச் சேவைகளுக்கான தர விதி. மோசடியைக் கண்டுபிடிக்கும் கோட், கடவுச்சொற்கள், ரகசியச் சாவிகள் (ஒரு மென்பொருள் இன்னொன்றுக்குள் நுழையக் காட்டும் ரகசியக் குறியீடுகள்) போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. சாவி தவறி கிட்ஹப்புக்குப் போய்விட்டால், அந்த வரியை அழிப்பதோடு நிற்காதீர்கள். பழைய பதிப்புகளில் அது அப்படியே இருக்கும். முதல் வேலையாகச் சாவியை ரத்து செய்து புதியது வாங்குங்கள்.

படி 6: விட்டுப்போனால்

லீவு, காய்ச்சல், வேலைப் பளு என்று இரண்டு வாரம் விட்டுப்போகும். பாக்கியை உட்கார்ந்து எழுதாதீர்கள், அந்தச் சலிப்பிலேயே மூன்றாவது வாரமும் போய்விடும். இந்த வாரத் தேதியைப் போட்டு, கைவிட்ட ஒன்றை மட்டும் எழுதிவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.